கடலில்லாத ஊரில் ஒரு கரண்டி

கரகண்டாவிலிருந்து எந்தத் திசையில் நடந்தாலும்
கடல் வருவதற்குள் செருப்புத் தேய்ந்துவிடும்.
என் சமையலறையில் இருநூறு லிட்டர் கடல் இருக்கிறது.
நானே கரைத்தது.
லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் உப்பு,
இருபத்தைந்து டிகிரி சூடு.
சன்னலுக்கு அந்தப் பக்கம் மைனஸ் முப்பத்தொன்று.

இந்த ஊரே நிலக்கரியின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது.
ஆனால் வடிகட்டிக்குள் போடும் ஒரு பிடி கரி
எங்கிருந்தோ தபாலில் வருகிறது.
மேல்வீட்டு போலாத்பெக்கிடம் சொன்னேன்.
இருபத்திரண்டு வருஷம் சுரங்கத்துக்குள் போய்வந்தவர்.
சிரித்து இருமி, இருமிச் சிரித்து,
"எங்க கரிக்கு என்ன குறைச்சல்?" என்றார்.

தோல்பவளம் ரைன்ஹோல்டுடையது.
ஜெர்மனிக்குக் குடிபோன அன்று காலை
ஊறுகாய் ஜாடியில் அதையும்
நரித்தோல் தொப்பிக்குள் ஜாடியையும் வைத்துக்
கொண்டுவந்து தந்தார்.
தொப்பியை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டார்.

காளான் போல ஒரு தண்டு, மடிந்த விளிம்பு,
தலை நிறைய நொய்யரிசி விரல்கள்.
பம்ப் எந்தப் பக்கம் ஊதுகிறதோ
அந்தப் பக்கம் சாய்ந்துகொண்டிருக்கும்.

ஜனவரியில் விரல்கள் உள்ளே போயின.
முதல் நாள் நான் கண்டுகொள்ளவில்லை.
மூன்றாம் நாள் உப்பை அளந்தேன். சரி.
நான்காம் நாள் காரத்தை. சரி.
ஐந்தாம் நாள் மறுபடியும் உப்பை,
நேற்று என்னிடம் பொய் சொன்ன ஆளிடம் கேட்பதுபோல.
ஆறாம் நாள் மேலே ஒரு பளபளப்பு படர்ந்தது.
எனக்கு அது தெரியும், மெழுகு.
பகலெல்லாம் பல் செய்கிறவள் நான்.
எந்தக் கடைவாய்ப்பல்லும் என் மேசையில்
முதலில் மெழுகில்தான் பிறக்கும்.
கத்தியெடுத்துச் சுரண்டக் கை அரித்தது.
ரைன்ஹோல்டுக்கு ஃபோன் போட்டேன்.
"தொடாதே" என்றார்.
அங்கே மழை என்றார்.
வைத்துவிட்டார்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டுமாம்.
வாளி வாளியாய் உப்பிட்டிருக்கிறேன்.
நினைக்க இதற்கு மூளையே கிடையாது.
ஒரு விதத்தில் அது எனக்குச் சௌகரியம்.

பதினோராம் நாள் இரவு கரண்ட் போனது.
பம்ப் நின்றதும்தான் தெரிந்தது
இத்தனை நாள் அது பேசிக்கொண்டிருந்தது.
தொட்டிக்கு ரஜாய் போர்த்தினேன்.
சூப் கரண்டியை எடுத்துத் துழாவத் தொடங்கினேன்.
துழாவாவிட்டால் தண்ணீருக்கு மூச்சில்லை.

நெற்றியில் சுரங்க விளக்கோடு போலாத்பெக் இறங்கி வந்தார்.
பவளத்தைப் பார்த்து,
"இது என்ன, யார் கழற்றிப்போட்ட சாக்ஸ்?"
ஆளுக்கு அரைமணி என்று முறை வைத்தோம்.
என் முறை முடிந்து நாற்காலியிலேயே கண்ணயர்ந்தேன்.

"குல்ஜமால்! நான் எதையும் உடைக்கலை!"

விளக்கு வெளிச்சத்தில் ஒரு பாலாடை
முழுசாக, கிழியாமல்,
தலையைவிட்டு எழுந்து மிதந்துகொண்டிருந்தது.
அந்த மனிதர் கரண்டியை மார்போடு அணைத்துக்கொண்டு
சுவரோரம் நின்றார்.

மறுநாள் சாயங்காலம் விரல்கள் வந்தன,
முதலில் விளிம்பில் ஏழெட்டு.
கரண்டியாலா, வேளை வந்ததாலா, எனக்குத் தெரியாது.
கரண்டியால்தான் என்று
மூன்று ஷிஃப்டுக்கும் அவர் சொல்லிவிட்டார்.

மார்ச்சில் விளிம்பிலிருந்து ஒரு துண்டு வெட்டினேன்.
பல்மெழுகு வெட்டும் அதே கத்தி.
பவளம் சுருங்கியது, சளி கக்கியது, நாறியது.
துண்டைக் கல்லோடு வைத்து ரப்பர் பேண்ட் மாட்டினேன்.
மூன்று வாரத்தில் அது கல்லைப் பிடித்துக்கொண்டது.
"விலை?" என்றார்.
"என் உப்பு வாளியை நாலு மாடி தூக்கி வாங்க."
தூக்கினார், ஒவ்வொரு மாடியிலும் நின்று இருமி.

இப்போது என் கூரைக்கு மேலே
இன்னொரு பம்ப் முனகுகிறது, கொஞ்சம் சுருதி தப்பி.
நேற்று இரவு இரண்டு மணிக்கு ஃபோன்.
"மூடிக்கிச்சு."
எத்தனை நாளாய் என்றேன்.
"நாலு மணிநேரமா."
தொடாதீங்க என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் மேலே
சமையலறை இழுப்பறை திறக்கும் சத்தம்,
எவர்சில்வர் எவர்சில்வரோடு மோதும் சத்தம்.